அரபுக் குறும்படங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அரபு மக்களின் வாழ்க்கை, குடும்பம், புலம்பெயர்வு பற்றிய குறும்படங்களைப் பார்க்கத் தொடங்குபவர்கள் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கும். எங்கே தொடங்குவது, எல்லாமே போர்தானா, மொழி தெரியாமல் புரியுமா என்று போகும். பதில்களை இங்கே தொகுத்திருக்கிறேன். எனக்கொரு சாய்வு உண்டு, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு சின்ன வேலையாக வீட்டைவிட்டுக் கிளம்பும் ஆளின் பின்னாலேயே போகும் படங்கள்தான் இந்த வகையில் உச்சம் என்று நினைக்கிறேன். கீழே அது அடிக்கடி தலைகாட்டும்.

ஒரே ஒரு படம் பார்க்கத்தான் நேரம் இருக்கிறது. எது?

ஃபரா நபுல்சி இயக்கிய 'தி பிரசன்ட்' (2020). ஏறக்குறைய 25 நிமிடம். யூசுஃப் என்பவர் தன் திருமண நாளுக்கு மனைவிக்குப் பரிசு வாங்க, சின்ன மகள் யாஸ்மினைக் கூட்டிக்கொண்டு கடைக்குப் போகிறார். பரிசு ஒரு ஃப்ரிட்ஜ். அவ்வளவுதான் கதை. ஆனால் அவர் வாழ்வது இஸ்ரேல் ஆக்கிரமித்திருக்கும் பாலஸ்தீனப் பகுதியான மேற்குக் கரையில். கடைக்கும் வீட்டுக்கும் நடுவே இஸ்ரேலிய ராணுவத்தின் சோதனைச் சாவடி இருக்கிறது.

தொடக்கக் காட்சி பெத்லகேமில் உள்ள 300ஆம் எண் சோதனைச் சாவடியிலேயே எடுக்கப்பட்டது. விடிவதற்கு முன்னால் வேலைக்குப் போக நெருக்கியடித்து நிற்கும் கூட்டம் துணை நடிகர்கள் இல்லை, நிஜத் தொழிலாளர்கள். அவர்களுக்கு நடுவே, யூசுஃபாக நடிக்கும் சாலே பக்ரி நிற்கிறார். படம் முழுக்க அவருக்கு முதுகு வலி. மாத்திரை போட்டுக்கொண்டே இருக்கிறார். அந்த வலியைப் பற்றி யாரும் நீட்டி முழக்குவதில்லை. கூண்டு போன்ற இடத்தில் அப்பாவைக் காக்க வைத்திருக்கும்போது வெளியே நிற்கும் குழந்தைக்கு என்ன ஆகிறது, பிறகு அதை அப்பா எப்படிக் கையாள்கிறார் என்ற பகுதியை இரண்டாவது முறை பார்ப்பது எனக்குக் கடினமாகத்தான் இருந்தது. முடிவைச் சொல்லமாட்டேன். ஃப்ரிட்ஜ் வீட்டுக்குப் போகிறதா என்பதைவிட அதை யார் கொண்டுபோகிறார்கள் என்று பாருங்கள்.

2021இல் பிரிட்டனின் பாஃப்டா குறும்பட விருது பெற்றது. அதே ஆண்டு ஆஸ்கருக்கும் பரிந்துரைக்கப்பட்டது. நபுல்சி லண்டனில் பிறந்து வளர்ந்த பாலஸ்தீனர். இதே நடிகரை வைத்துப் பிறகு 'தி டீச்சர்' (2023) என்ற முழுநீளப் படத்தையும் எடுத்தார்.

'அரபுப் படம்' என்று எதைச் சொல்கிறீர்கள்? ஈரான் படங்களும் இதில் அடங்குமா?

அடங்காது. ஈரான் பாரசீக மொழி பேசும் நாடு. துருக்கியும் ஆப்கானிஸ்தானும் அரபு நாடுகள் அல்ல. நம் ஊரில் இவற்றையெல்லாம் ஒரே பெட்டியில் போடுவது வழக்கம், திரைப்பட விழாக்களில்கூட.

அரபு நாடுகளின் கூட்டமைப்பான அரபு லீகில் 22 உறுப்பினர்கள் இருக்கிறார்கள், மொராக்கோவிலிருந்து ஓமன் வரை. ஆனால் இந்த வரைபடத்தை வைத்துக்கொண்டும் எல்லாவற்றையும் பிரித்துவிட முடியாது. சோஃபியா அலவியின் 'ஆடுகள் செத்தால்தான் என்ன' என்ற பொருள் வரும் தலைப்புள்ள மொராக்கோ குறும்படத்தில் ஒலிப்பது அட்லஸ் மலைவாழ் அமாஸிக் மக்களின் மொழி, அரபு அல்ல. 2020இல் அமெரிக்காவின் சண்டான்ஸ் திரைப்பட விழாவின் குறும்படப் பெரும் பரிசும் அடுத்த ஆண்டு பிரான்சின் சேசார் விருதும் அதற்குக் கிடைத்தன. அதை அரபுலகப் படம் என்று சொல்லும்போதே கொஞ்சம் தயங்க வேண்டியிருக்கிறது. மறுபக்கம், லண்டனிலும் மாண்ட்ரியாலிலும் வளர்ந்து, வீட்டில் ஒரு மொழியும் வெளியே ஒரு மொழியும் பேசும் இயக்குநர்கள் எடுத்தவையும் இந்த வரிசையில் வருகின்றன. பாஸ்போர்ட்டை வைத்துப் பிரிப்பதைவிட, படம் எந்த வீட்டுக்குள் நிற்கிறது என்று பார்ப்பது நல்லது.

குறும்படம் என்றால் எத்தனை நிமிடம்?

ஆஸ்கர் விதிப்படி பெயர்ப் பட்டியலோடு சேர்த்து 40 நிமிடத்துக்குள். பிரான்சின் கான் திரைப்பட விழாவின் குறும்படப் போட்டிக்கு 15 நிமிடத்துக்குள். அதனால்தான் கானில் போட்டியிட்ட பல படங்கள் சரியாக 15ஆம் நிமிடத்தில் வந்து நிற்கும். சில படங்களில் கத்தரியின் அவசரம் தெரியவும் செய்யும்.

எல்லாப் படங்களும் போர், ராணுவம், சோதனைச் சாவடி பற்றியவைதானா?

பின்னணியில் இருக்கும். ஆனால் நல்ல படங்கள் அதை நேராகப் பார்ப்பதில்லை. யாரோ ஒருவர் ஒரு சாதாரண காரியத்துக்காகப் புறப்படுவார். மற்றதெல்லாம் வழியில் வந்து குறுக்கே நிற்கும்.

செரியன் டாபிஸின் 'மேக் எ விஷ்' (2006) படத்தில் ஒரு சிறுமி பிறந்தநாள் கேக் வாங்கப் போகிறாள், கையில் காசு போதவில்லை. யாருடைய பிறந்தநாள் என்பது கடைசியில்தான் தெரியும். ஃபிராஸ் கூரியின் 'மரடோனாவின் கால்கள்' (2019) 1990 உலகக் கோப்பை நேரத்தில் நடக்கிறது. இரண்டு பாலஸ்தீனப் பையன்கள் ஸ்டிக்கர் ஆல்பத்தை நிரப்பிக்கொண்டிருக்கிறார்கள், மரடோனாவின் கால்கள் உள்ள ஸ்டிக்கர் மட்டும் இல்லை. அது கிடைத்தால் அட்டாரி விளையாட்டுக் கருவி பரிசு. மேலே சொன்ன மொராக்கோ படத்தில் ஒரு இளம் மேய்ப்பன், பனியில் மாட்டிக்கொண்ட ஆடுகளுக்குத் தீவனம் வாங்கக் கிராமத்துக்கு இறங்குகிறான். அங்கே போனால் நிலவரமே வேறு. எலியா சுலைமானின் 'சைபர் பாலஸ்டைன்' (1999) இன்னும் குறும்பு: மரியாளும் யோசேப்பும் இந்தக் காலத்துக் காசாவில் வாழ்கிறார்கள், பெத்லகேம் போக வேண்டும்.

இதற்கு ஒரு தொழில்காரணமும் இருக்கிறது. பதினைந்து இருபது நிமிடத்தில் ஒரு நாட்டின் வரலாற்றைச் சொல்ல முடியாது. முயன்ற படங்கள் சொற்பொழிவாக முடிந்திருக்கின்றன. ஆனால் ஒரு பயணத்தைச் சொல்ல முடியும். அதற்குத் தொடக்கம் உண்டு, தடை உண்டு, போய்ச் சேர்வதோ சேராததோ உண்டு. சாலையை மறித்து ஒரு சாவடி நின்றால் திரைக்கதைக்கு வேண்டிய இறுக்கம் தானாகவே வந்துவிடும். இதில் ஆபத்தும் இருக்கிறது. சாவடியே வசதியான கதைக்கருவியாகிவிட்டால் ஒவ்வொரு படமும் முந்தையதன் நகலாகத் தெரியத் தொடங்கும். நபுல்சியின் படம் தப்பித்ததற்குக் காரணம் அந்தக் குழந்தை. படம் ராணுவ வீரனை அளந்துகொண்டிருக்கவில்லை. அப்பாவின் முகம் மாறுவதை மகள் பார்ப்பதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறது.

சிரிக்க வைக்கும் படம் எதுவும் இல்லையா?

இருக்கிறது. பாசில் கலீலின் 'ஆவே மரியா' (2015) வயிறு குலுங்க வைக்கும். மேற்குக் கரையில் மௌன விரதம் காக்கும் கன்னியாஸ்திரிகளின் மடம். யூதர்களின் வாராந்தர ஓய்வுநாளான சபாத் தொடங்கும் நேரத்தில் ஒரு யூதக் குடியேற்றக் குடும்பத்தின் கார் மடத்து மாதா சிலையில் மோதி நிற்கிறது. சபாத்தில் அவர்கள் தொலைபேசியைத் தொடக்கூடாது. கன்னியாஸ்திரிகள் பேசக்கூடாது. இரு தரப்புக்கும் அவரவர் விதி, ஆனால் ஒருவரை ஒருவர் சீக்கிரம் ஒழித்துக்கட்ட வேண்டும் என்பதில் மட்டும் முழு ஒற்றுமை. 2016இல் ஆஸ்கர் பரிந்துரை பெற்றது. இயக்குநர் நாசரேத்தில் பிறந்தவர்.

காசாவைச் சேர்ந்த இரட்டையர்கள் அரப் நாசர், தர்சான் நாசர் எடுத்த 'காண்டம் லெட்' (2013) வேறு வகைச் சிரிப்பு. 2009 குண்டுவீச்சின்போது ஒரு கணவனும் மனைவியும் நெருங்கும்போதெல்லாம் சத்தத்தில் குழந்தை விழித்துக்கொள்கிறது. பயன்படாமல் போன ஆணுறைகள் பலூன்களாகி வீட்டுக்குள் மிதக்கின்றன. கான் குறும்படப் போட்டிக்குத் தேர்வான முதல் பாலஸ்தீனப் படம் அது. பேச்சே அநேகமாக இல்லை.

குடும்பத்தைப் பற்றிய படங்களில் முக்கியமானது?

மெரியம் ஜூபரின் 'பிரதர்ஹுட்' (2018). வடக்கு துனிசியாவின் கிராமப்புறத்தில் ஆடு மேய்க்கும் முகம்மதுவுக்கு மூன்று மகன்கள். மூத்தவன் மாலிக் சொல்லாமல் கொள்ளாமல் சிரியாவுக்குச் சண்டை போடப் போனவன். ஒரு நாள் திரும்பி வருகிறான், கூடவே முகம் மூடிய கர்ப்பிணிப் பெண் ஒருத்தி. அம்மாவுக்குப் பிள்ளை வந்ததே போதும். அப்பாவுக்குச் சந்தேகம். தம்பிகளுக்கு அண்ணன் மீண்டும் கிடைத்த மகிழ்ச்சி. சாப்பாட்டுத் தட்டைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் காட்சியிலேயே பாதிக் கதை முடிந்துவிடுகிறது. யார் கண்ணை யார் தவிர்க்கிறார்கள் என்று கவனித்தால் போதும்.

படத்தின் சகோதரர்கள் மூவரும் நிஜத்திலும் சகோதரர்கள். செம்பட்டை முடி, புள்ளி விழுந்த முகம். இயக்குநர் துனிசியாவின் வடக்கில் காரில் போய்க்கொண்டிருந்தபோது ஆடுகளை ஓட்டிச் சென்ற இருவரைப் பார்த்திருக்கிறார். படம் எடுக்கக் கேட்டதற்கு மறுத்துவிட்டார்களாம். பிறகு அவர்களைத் தேடிப் போய், நடிக்கச் சம்மதிக்க வைத்து, கதையையும் அவர்களை மனதில் வைத்தே எழுதினார். அந்த மண்ணும் காற்றும் சதுரச் சட்டத்துக்குள் மிக அருகில் வரும் முகங்களும் நடிகர்களைக் கொண்டு செய்திருந்தால் வந்திருக்காது என்பது என் எண்ணம். 2020 ஆஸ்கர் பரிந்துரைப் பட்டியலில் இருந்தது. இதே குடும்பத்தை வைத்து அவர் எடுத்த முழுநீளப் படம் 2024இல் பெர்லின் திரைப்பட விழாப் போட்டியில் காட்டப்பட்டது. குறும்படத்தில் ஊகத்துக்கு விட்டதையெல்லாம் அது விரித்துச் சொல்கிறது. எனக்குக் குறும்படமே போதும்.

அடுத்து, மஹா ஹாஜின் 'அப்ஷாட்' (2024). ஒதுக்குப்புறப் பண்ணையில் வாழும் வயதான தம்பதி தங்கள் ஐந்து பிள்ளைகளின் வாழ்க்கையைப் பற்றி ஓயாமல் வாதிடுகிறார்கள். யார் எப்போது கல்யாணம் செய்வது, யார் செய்தது தவறு என்று நம் வீட்டுத் திண்ணைப் பேச்சு மாதிரியே போகும். பிறகு ஒரு பத்திரிகையாளர் வருகிறார். இதற்கு மேல் படிக்காமல் பார்ப்பது நல்லது.

காதல், திருமணம் பற்றியவை?

எகிப்தின் சாமே அலா எடுத்த 'உன் முகத்தை மறந்துவிடுவேனோ என்று அஞ்சுகிறேன்' என்ற பொருள் தரும் படம் (2020) கானில் குறும்படத்துக்கான தங்கப் பனை வென்றது. எகிப்துப் படம் ஒன்று அந்தப் பரிசைப் பெற்றது அதுவே முதல் முறை. ஆடம் என்ற இளைஞன் 82 நாள் பிரிவுக்குப் பிறகு காதலியைப் பார்க்கக் கிளம்புகிறான். அதற்காக அவன் போட்டுக்கொள்ளும் உடைதான் படத்தின் திருப்பம். மறுபடியும் கிளம்பிப் போகும் கதைதான், கவனியுங்கள்.

கான் தங்கப் பனைக் குறும்படங்களில் இன்னும் இரண்டு அரபு இயக்குநர்களுடையவை: லெபனானின் எலி டாகர் எடுத்த அனிமேஷன் படம் 'வேவ்ஸ் 98' (2015), பாலஸ்தீன நடிகர் தவ்ஃபீக் பர்ஹோம் இயக்கிய 'நீ செத்துப்போனதில் மகிழ்ச்சி' என்ற பொருளுள்ள படம் (2025). 2015, 2020, 2025. விதி ஒன்றும் இல்லை, தற்செயல்தான்.

புலம்பெயர்ந்தோர் வாழ்க்கை எப்படிக் காட்டப்படுகிறது?

புலம்பெயர்வு என்றதும் பாரிஸ், லண்டன், டெட்ராய்ட் என்று நினைப்போம். அரபுலகத்தின் பெரும் புலம்பெயர்வு அரபுலகத்துக்குள்ளேயேதான் நடந்திருக்கிறது. 1948இல் இஸ்ரேல் உருவானபோது வீடிழந்த பாலஸ்தீனர்களின் பேரப்பிள்ளைகள் பலர் லெபனான், ஜோர்தான், சிரியா முகாம்களில் பிறந்து வளர்ந்தவர்கள், அவர்களில் பலருக்கு அங்கேயும் முழு உரிமை கிடையாது. இலங்கையிலிருந்து வந்து தமிழ்நாட்டு முகாம்களில் பிள்ளைகளை வளர்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இந்த விஷயத்தில் தொடர்ந்து பார்க்க வேண்டியவர் மஹ்தி ஃப்லைஃபெல். துபாயில் பிறந்து, லெபனானின் ஐன் அல்-ஹில்வே முகாமிலும் பிறகு டென்மார்க்கிலும் வளர்ந்தவர். முகாம் நண்பர்கள் ஐரோப்பாவுக்கு ஓடுகிறார்கள், ஏதென்ஸில் சிக்கிக்கொள்கிறார்கள். அந்த நகரத்தை அவர் விடுவதே இல்லை. 'எ மேன் ரிட்டர்ன்ட்' (2016) ஆவணப்படம். கிரீஸில் மூன்று ஆண்டு கிடந்து போதைப் பழக்கத்தோடு முகாமுக்கே திரும்பிவிட்ட ரெதா அங்கே திருமணம் செய்துகொள்கிறான். பெர்லின் விழாவில் வெள்ளிக் கரடி விருது பெற்றது. 'எ டிரௌனிங் மேன்' (2017) அதே உலகத்தைக் கதைப்படமாக்கியது: ஏதென்ஸில் ஒரு பையன் ஒரு நாளை ஓட்டுவதற்கு என்னவெல்லாம் செய்ய வேண்டியிருக்கிறது என்பது மட்டும்தான். ஐரோப்பா போனால் எல்லாம் சரியாகிவிடும் என்று ஊரில் காத்திருக்கும் உறவுகளுக்குத் தெரியாத, தெரிந்தாலும் யாரும் வாய்விட்டுச் சொல்லாத பகுதியை இவர் காட்டுகிறார்.

முகம்மது அல்முகன்னியின் 'யாஃபாவின் ஆரஞ்சு' (2023) இன்னொரு கோணம். போலந்தின் தற்காலிக வசிப்பிட அட்டை வைத்திருக்கும் பாலஸ்தீன இளைஞன் அம்மாவைப் பார்க்கப் போகிறான். இவனுக்குச் சாவடியைக் கடக்க அனுமதி கிடைக்குமா என்பது தெரியாமல் ஏற்றிக்கொண்ட டாக்ஸிக்காரரும் மாட்டிக்கொள்கிறார். இருவருக்கும் நடக்கும் வாக்குவாதம் அரசியலைப் பற்றியதல்ல, 'முன்னாலேயே ஏன் சொல்லவில்லை' என்பதைப் பற்றியது. பிரான்சின் கிளர்மோன்-ஃபெரான் குறும்பட விழாவின் 2024 சர்வதேசப் பெரும் பரிசு இதற்குத்தான்.

வட அமெரிக்கா பக்கம் வந்தால் அஜீஸ் ஜொரோம்பாவின் 'சீமோ' (2022). கனடாவில் வாழும் எகிப்தியக் குடும்பத்தின் இரண்டு பையன்கள், அண்ணனின் இணைய நேரலைக்குள் தம்பி புகுந்து செய்யும் விளையாட்டு எல்லை மீறுகிறது. ஊர் ஏக்கம், அம்மாவின் சமையல், பழைய பாட்டு என்ற வழக்கமான புலம்பெயர் படப் பொருட்கள் எதுவும் இல்லை என்பதே நிம்மதி.

துபாய், சவுதியில் நம்மவர்கள் பார்க்கும் வாழ்க்கை இந்தப் படங்களில் வருமா?

குறைவாகத்தான். வளைகுடாவில் திரைப்படத் தொழிலே இளையது. சவுதியில் முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் மூடிக்கிடந்த திரையரங்குகள் 2018இல்தான் திறந்தன. ஜெத்தாவின் செங்கடல் திரைப்பட விழா 2021இல் தொடங்கியது. அதற்கு முன்பே, 2004இல் தொடங்கிய துபாய் விழா பல குறும்பட இயக்குநர்களுக்கு மேடையாக இருந்தது, இப்போது அது இல்லை.

நம் ஊர்க்காரர்கள் அங்கே ஓட்டுநராக, கட்டடத் தொழிலாளியாக, வீட்டு வேலைக்காரராக இருக்கும் வாழ்க்கை அரபு இயக்குநர்களின் படங்களில் பெரும்பாலும் சட்டத்தின் ஓரத்தில்தான் கடந்துபோகிறது. இதைக் குறையாகவே சொல்கிறேன். ஆனால் அந்நியத் தொழிலாளியை நடுவில் நிறுத்திய இரண்டு படங்கள் உண்டு, இரண்டும் வளைகுடாவுக்கு வெளியே நடப்பவை. முராத் முஸ்தஃபாவின் 'ஹென்னத் வர்த்' (2020) படத்தில் சூடானிலிருந்து வந்து எகிப்தில் மருதாணி போட்டுப் பிழைக்கும் ஹலீமா, மகளோடு ஒரு மணப்பெண்ணின் வீட்டுக்குப் போகிறாள். சிரிப்பும் பாட்டுமாகத் தொடங்கிய வீட்டில் ஒரு சொல் போதும், யார் யாருக்குக் கீழே என்பது வெளியே வந்துவிடுகிறது. டானியா ப்டேரின் 'வர்ஷா' (2022) லெபனான் தலைநகர் பெய்ரூட்டில் கிரேன் ஓட்டும் சிரியத் தொழிலாளியைப் பற்றியது. எல்லோரும் பயப்படும் மிக உயரமான கிரேனுக்கு அவன் தானாக முன்வந்து ஏறுகிறான். ஏன் என்பது மேலே போன பிறகு தெரியும். கீழே ஒரே அறையில் நெருக்கிக்கொண்டு தூங்கும் ஆட்கள், மேலே அவனுக்கு மட்டுமான சின்ன அறை. வளைகுடாவில் கட்டில் வாடகைக்கு எடுத்துத் தங்கிய யாருக்கும் அந்த வேறுபாடு உடனே பிடிபடும். சண்டான்ஸில் சர்வதேசக் குறும்படப் பரிசு பெற்றது.

பெண் இயக்குநர்கள் உண்டா?

இந்தப் பக்கத்தை மேலிருந்து இன்னொரு முறை பாருங்கள்: நபுல்சி, அலவி, டாபிஸ், ஜூபர், ஹாஜ், ப்டேர். இவர்களோடு ஏமனிய-ஸ்காட்டிஷ் இயக்குநர் சாரா இஷாக்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2011 மார்ச் 18 அன்று ஏமன் தலைநகர் சனாவில் போராட்டக்காரர்கள் மீது நடந்த துப்பாக்கிச் சூட்டை, அங்கே கேமராவோடு நின்ற இளைஞர்களின் காட்சிகளைக் கொண்டு தொகுத்த அவருடைய 'கராமா ஹேஸ் நோ வால்ஸ்' (2012) ஆஸ்கர் ஆவணக் குறும்படப் பரிந்துரை பெற்றது. மகனை இழந்த தகப்பன்மார் அதில் பேசுகிறார்கள்.

அரபு தெரியாதே, புரியுமா?

ஆங்கில சப்டைட்டில் பெரும்பாலும் இருக்கும், தமிழில் கிடைப்பது அரிது. ஒரு ஆறுதல்: எல்லா அரபுகளுக்கும் எல்லாப் படமும் புரிவதில்லை. மொராக்கோ பேச்சு பெய்ரூட்காரருக்கே சிரமம். எகிப்திய வழக்குதான், பல தலைமுறைகளாகப் பரவிய கெய்ரோ சினிமாவின் தயவில், ஏறக்குறைய எங்கும் புரியும். மேலே சொன்னவற்றில் 'காண்டம் லெட்', 'ஆவே மரியா' இரண்டுக்கும் மொழி அவ்வளவாகத் தேவையில்லை.

ஒரு படத்துக்கு ஏன் மூன்று நான்கு நாடுகளின் பெயர் போடுகிறார்கள்?

பணம். 'பிரதர்ஹுட்' படத்தில் துனிசியா, கனடா, கத்தார், ஸ்வீடன் என்று நான்கு நாடுகள். குறும்படத்துக்குத் திரையரங்க வசூல் கிடையாது. எனவே தோஹா திரைப்பட நிறுவனம், பெய்ரூட்டை மையமாகக் கொண்ட அரபுக் கலை பண்பாட்டு நிதியம், பிரெஞ்சுத் தொலைக்காட்சிகள் என்று ஆங்காங்கே விண்ணப்பித்து ஒட்டுப்போட்டுத்தான் எடுக்கிறார்கள்.

அப்படியானால் மேற்கத்திய விழாக்களுக்காகவே எடுக்கப்படுபவையா இவை?

நியாயமான சந்தேகம். பணம் கொடுப்பவரும் தேர்வு செய்பவரும் ஐரோப்பாவில் இருந்தால் அவர்களுக்குத் தெரிந்த அரபுலகமே திரும்பத் திரும்ப வரும்: தீவிரவாதம், முக்காடு, அகதிப் படகு. 2020 ஆஸ்கர் பட்டியலில் துனிசியாவில் நடக்கும் இரண்டு படங்கள் இருந்தன. ஒன்று 'பிரதர்ஹுட்'. மற்றொன்று பிரெஞ்சுக்காரர் ஈவ் பியா எடுத்த 'நெஃப்டா ஃபுட்பால் கிளப்'. அல்ஜீரிய எல்லையில் ஹெட்ஃபோன் மாட்டிய கழுதை ஒன்று போதைப்பொருள் மூட்டையோடு இரண்டு சகோதரர்களிடம் சிக்குகிறது. நல்ல நகைச்சுவை, முடிவு அற்புதம். ஆனால் அந்தச் சிறுவர்களின் வீட்டுக்குள் படம் கடைசிவரை எட்டிப் பார்ப்பதில்லை. ஜூபரின் கேமரா நிற்பதே வீட்டுக்குள்தான். கனடாவில் வாழ்பவர் என்றாலும் அவருக்கு அந்த வாசலைத் தாண்டத் தெரிந்திருக்கிறது. ஒரு பட்டியலில் இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால் வெளியாள் பார்வைக்கும் உள்ளாள் பார்வைக்கும் உள்ள தூரம் விளங்கும். அந்த ஆண்டு இரண்டுமே வெல்லவில்லை என்பது வேறு கதை.

சிரியா போன மகனைப் பற்றிய கதை விழாக்களுக்குப் பிடித்த கருதான், அதை மறுக்க முடியாது. அந்தக் கருவுக்குள் நுழைந்து அப்பனின் பிடிவாதத்தைப் பற்றிப் படம் எடுத்ததுதான் ஜூபரின் சாமர்த்தியம்.

காசாவில் இப்போதும் படம் எடுக்கிறார்களா?

எடுத்திருக்கிறார்கள். காசாவின் ஷாத்தி முகாமில் பிறந்த மூத்த இயக்குநர் ரஷீத் மஷராவியின் முயற்சியில் 22 குறும்படங்கள் 'ஃப்ரம் கிரவுண்ட் ஜீரோ' (2024) என்ற பெயரில் ஒன்றாகத் தொகுக்கப்பட்டன. எல்லாம் 2023இல் தொடங்கிய போர் நடக்கும்போதே உள்ளேயிருந்து எடுத்தவை. ஒவ்வொன்றும் சில நிமிடங்கள்தான். பாலஸ்தீனத்தின் ஆஸ்கர் நுழைவாக அனுப்பப்பட்டு, சர்வதேசப் படங்களுக்கான இறுதிப் 15 பட்டியல் வரை போனது.

தரம் ஏறி இறங்கும். ஏறி இறங்கத்தான் செய்யும், மின்சாரம் இல்லாத இடத்தில் எடுத்தவை. ஒன்றில் குழந்தைகள் காகிதம் வெட்டி அனிமேஷன் செய்கிறார்கள். குண்டு விழுந்தால் அடையாளம் தெரிய வேண்டும் என்று அம்மா அவர்கள் உடம்பில் பெயர் எழுதிவிட்டதுதான் அதன் விஷயம். இன்னொன்றில் ஒரு ஆள் கழுதை வண்டியை டாக்ஸியாக ஓட்டுகிறார். பாதியில் படம் நிற்கிறது. இயக்குநர் எதிமாத் விஷா தானே கேமரா முன் வந்து, தன் சகோதரரும் அவர் பிள்ளைகளும் கொல்லப்பட்டதால் இதை முடிக்க மனம் வரவில்லை என்கிறார். எழுதி வைத்திருந்த முடிவு என்ன என்பதைச் சொல்லிவிட்டுப் போகிறார். அதற்குமேல் விமர்சனம் என்று என்ன எழுதுவது? இருபத்திரண்டையும் ஒரே மூச்சில் பார்க்க வேண்டாம். நாலைந்து பார்த்து நிறுத்திவிட்டு மறுநாள் தொடருங்கள்.

எங்கே பார்க்கலாம்?

பெரிய ஓடிடி தளங்களை நம்பிக் காத்திருக்காதீர்கள். நெட்ஃபிளிக்ஸ் 2021 அக்டோபரில் பாலஸ்தீனக் கதைகள் என்று 32 படங்களை ஒரே நேரத்தில் சேர்த்தது, அவற்றில் பல மூன்று ஆண்டில் உரிமக் காலம் முடிந்தது என்று போய்விட்டன. பெய்ரூட்டிலிருந்து இயங்கும் 'அஃப்லாமுனா' தளம் அரபுப் படங்களைச் சுழற்சி முறையில் இலவசமாகக் காட்டுகிறது. விழாச் சுற்று முடிந்த குறும்படங்களை இயக்குநர்களே யூடியூபிலும் விமியோவிலும் ஏற்றுவது உண்டு. படத்தின் பெயரோடு இயக்குநர் பெயரையும் சேர்த்துத் தேடுங்கள், தலைப்பு மட்டும் போட்டால் வேறு பத்துப் படம் வரும். நேரில் பார்க்க விரும்பினால் நமக்குப் பக்கம் திருவனந்தபுரம்: அங்கே ஆவணப்படங்களுக்கும் குறும்படங்களுக்கும் தனியாகவே சர்வதேச விழா நடக்கிறது.

வீட்டில் நாலு பேர் சேர்ந்து ஒரு மாலை பார்க்க வரிசை சொல்லுங்கள். சிறுவர்களும் இருப்பார்கள்.

'மரடோனாவின் கால்கள்' முதலில், பையன்கள் ஒட்டிக்கொள்வார்கள். அடுத்து 'ஆவே மரியா'. பிறகு 'மேக் எ விஷ்'. கடைசியாக 'தி பிரசன்ட்', அதில் சாவடிக் காட்சியில் குழந்தை படும் அவமானம் சின்னப் பிள்ளைகளைக் கலங்க வைக்கலாம், பக்கத்தில் உட்கார்ந்துகொள்ளுங்கள். 'காண்டம் லெட்', 'வர்ஷா', ஃப்லைஃபெலின் படங்கள் எல்லாம் பிள்ளைகள் தூங்கிய பிறகு. 'பிரதர்ஹுட்' படத்தை இந்த வரிசையில் எங்கேயும் சேர்க்காதீர்கள், அதற்குப் பிறகு வேறு எதையும் போட முடியாது. அதற்குத் தனியாக ஒரு நாள் வேண்டும்.